நட்பாயினும் பகையாயினும் விலை நாமா?

நமது தீவகத்துக்கு இப்போது ஒரு புதிய பெருமை வந்து வாய்த்திருக்கின்றது. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் வல்லரசுகளின் கண்ணிற் பட்டுவிட்டன என்றும், கேந்திர முக்கியத்துவம் பெற்றுவிட்டன என்றும், இரண்டு பெரிய நாடுகள் நமக்கு ஒளியேற்றப் போட்டியிட்டன என்றும் கற்றவர்கள் சிலர் மேடையிலும் ஏட்டிலும் பூரித்துப் பேசுகின்றனர். அவர்களுள் ஒரு சாரார் இந்தியாவே நமக்கு இயற்கையான காவலன் என்பர். மற்றொரு சாரார் சீனத்தின் முதலீடே நமக்கு விடிவு என்பர். எந்தக் கொடியின் நிழலில் நிற்பது என்பதில் இவர்களிடையே ஓயாத வழக்கு. ஆனால் ஒன்றில் மட்டும் இரு சாராரும் முற்றாக ஒன்றுபட்டு நிற்கின்றனர். தீவில் வாழும் மனிதனை அழைத்து, “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கவேண்டும் என்ற எண்ணம் இருவரிடத்தும் இல்லை.

இந்தப் பெருமையை நாம் ஏற்கமாட்டோம். இது பெருமையுமன்று, புதியதுமன்று. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக நம்மைப் பிடித்திருக்கும் ஒரு பழைய நோய். தூரத்திலுள்ள இரு தலைநகரங்கள் பகைத்தபோதும் அதன் விலையை நாம் கொடுத்தோம். அவை கைகுலுக்கியபோதும் நாமே கொடுத்தோம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. நாடுகள் இரண்டுபட்டாலும் சரி, ஒன்றுபட்டாலும் சரி, தீவாருக்குத் திண்டாட்டமே என்பது நமது வரலாறு.

முதலில் நமது ஊர்களின் பெயர்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட தேசப்படத்தைத் திறந்தால் நெடுந்தீவு அங்கே இல்லை, ‘டெல்ஃப்ட்’ இருக்கின்றது. ஊர்காவற்றுறை இல்லை; ‘கேற்ஸ்’ இருக்கின்றது. டெல்ஃப்ட் என்பது ஒல்லாந்திலுள்ள ஒரு பட்டினம். கேற்ஸ் என்பது துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் சிதைவு. ஒல்லாந்தர் காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும், வேலணைக்கு லெய்டன் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், அனலைதீவுக்கு றொட்டர்டாம் என்றும் பெயர் சூட்டினர். அவர்களுக்கு முன்னர் வந்த போர்த்துக்கேயர் நெடுந்தீவை ‘பசுக்களின் தீவு’ என்று அழைத்தனர். ஒருவன் இங்கே மாட்டைக் கண்டான். மற்றவன் தன் ஊரைக் கண்டான். மனிதனை இருவருமே காணவில்லை.

பெயரில் என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். பெயரிடுதல் உரிமை கொண்டாடுதலின் முதற்படி. உடைமைக்கே உடையவன் பெயர் வைப்பான். உடைமையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. இந்த உறவு எவ்வாறு நடந்தது என்பதை, போர்த்துக்கல், ஒல்லாந்து என்னும் இரு ஐரோப்பிய நாடுகளின் கணக்கேட்டைப் புரட்டினால் தெளிவாகக் காணலாம்.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை வென்று, சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றனர். வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவினூடாகக் குடாநாட்டுக்குள் ஓட்டிவரப்பட்டு, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறின. அக்காலத்தில் போர்த்துக்கல் ஸ்பானிய மன்னனின் முடியின் கீழ் இருந்தது. ஸ்பானியாவோடு போரிட்டுக்கொண்டிருந்த ஒல்லாந்தருக்கு, அதனாற் போர்த்துக்கேயரும் பகைவராயினர். 1640இல் போர்த்துக்கல் ஸ்பானியாவிலிருந்து பிரிந்ததும் பகைக்கான காரணம் ஒழிந்துவிட்டதன்றோ? 1641இல் ஹேக் நகரில் இரு நாடுகளும் பத்தாண்டுப் போர்நிறுத்தத்திற் கையெழுத்திட்டன. ஐரோப்பாவில் ஒல்லாந்தக் கப்பல்கள் போர்த்துக்கலின் செத்துபால் துறைக்குச் சென்று தங்கள் மீன்தொழிலுக்கு உப்பு வாங்கின. அதே வேளையில் இந்துமா கடலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி போர்த்துக்கேயரின் கோட்டைகளைக் கவர்வதில் முனைந்திருந்தது. வீட்டுக்கு அருகில் நட்பு, தொலைவில் கொள்ளை! இரண்டுக்கும் இடையில் முரண்பாடு எதுவும் இருப்பதாக அவர்கள் கருதவில்லை. ஏனெனில் இரண்டும் ஒரே வாணிப வர்க்கத்தின் இலாபக் கணக்கிலேயே வரவாயின.

போர்நிறுத்தம் முடிந்தபின் போர் முழுமூச்சாய் மூண்டது. 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும், பின்னர் ஊர்காவற்றுறைக் கடலிற் காவல் நின்ற கோட்டையும், அவ்வாண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயின. அந்தக் கடற்கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஹம்மன்ஹீல்’. பன்றித் தொடையின் குதிப்பகுதி என்பது அதன் பொருள். இலங்கைப் படம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்ட பன்றித் தொடையாகத் தோன்றியதாம்! உண்பதற்கென்றே வந்தவனுக்கு நாடு வேறெப்படித் தோன்றும்?

பிறகு சமாதானம் வந்தது. 1661 ஓகஸ்ட் மாதத்தில், மீண்டும் ஹேக் நகரில், இரு நாடுகளும் உடன்படிக்கை செய்தன. பிறேசில் போர்த்துக்கலுக்கு, அதற்கு ஈடாக நாற்பது இலட்சம் குரூசாதோ நாணயம் ஒல்லாந்துக்கு. கிழக்கில் யார் எதைப் பிடித்திருந்தாரோ அது அவருக்கே. 1669இல் மற்றோர் உடன்படிக்கை மூலம் மிகுதிக் கடனைச் செத்துபால் உப்பின் வருமானத்திலிருந்து அடைப்பதென்று தீர்ந்தது. உப்பும் பணமும் நிலமும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன. அந்தத் தராசில் நெடுந்தீவும் வேலணையும் ஊர்காவற்றுறையும் இருந்தன. ஆனால் அந்த ஏட்டில் நம் முன்னோர் ஒருவரது கைநாட்டும் இல்லை. தாம் கைமாற்றப்பட்ட செய்தியையாவது அவர்களிடம் யாரேனும் சொன்னார்களா? சொல்ல வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

அந்தச் சமாதானத்தின் கீழ் நமது மக்கள் கண்ட வாழ்வு என்ன? சாயவேர் கிண்டியவனும் சங்கு குளித்தவனும் கம்பனிக்குப் பொருள் சேர்த்தனர். கூலியில்லா வேலை ‘ஊழியம்’ என்ற பெயரில் மக்களின் முதுகில் ஏற்றப்பட்டது. நெடுந்தீவில் ஒல்லாந்தர் குதிரை வளர்த்தனர். பின்வந்த ஆங்கிலேயரும் அதனைத் தொடர்ந்தனர். அக்குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் அத்தீவின் வெளிகளில் நீருக்கு அலைகின்றன. எசமானர் போய்விட்டனர், குதிரையும் பெயரும் மிஞ்சின.

“ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையைத் தொகுத்துத் தந்தனரே, நீதிமன்றமும் கோட்டையும் கட்டினரே” என்று இங்கே சிலர் இடைமறிப்பர். தொகுத்தனர், மெய்தான். ஆனால் வழமை அவர்களுடையதா? அது மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் ஆள்பவனுக்கு அது எழுத்தில் தேவைப்பட்டது, எழுதிக்கொண்டான். அடிமைகளை உடையார் வைத்திருந்த வழமையையும் அந்தத் தொகுப்பு ஏற்றுக் காத்தது என்பதை நமது பெருமைக்காரர் மறந்துவிடலாகாது. ஆள்பவனுக்கும் உள்ளூர் மேட்டுக்குடிக்கும் இருந்த உடன்பாடு அது. உழைத்தவனோடு செய்த உடன்பாடன்று.

ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கு நாம் கைமாறிய கதை இன்னும் விசித்திரமானது. 1795இல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்துக்குள் நுழைய, அந்நாட்டின் தலைவரான ஒறேஞ்சு இளவரசர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். கியூ அரண்மனையில் விருந்தாளியாக இருந்துகொண்டு, ஒல்லாந்தக் குடியேற்றங்களை ஆங்கிலப் படையின் பாதுகாப்பில் விடுமாறு தம் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். நாடிழந்த ஒருவர், தமக்கு உரிமையில்லாத ஒன்றை, புகலிடம் தந்தவரின் காவலில் விடச்சொல்லிக் கடிதம் எழுதுகிறார்! அவ்வாண்டு செப்டெம்பரில் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கொழும்பும் வீழ்ந்தது. 1802இல் பிரான்சிலுள்ள அமியென் நகரில் செய்த உடன்படிக்கை, இலங்கையிலிருந்த ஒல்லாந்தரின் உடைமைகள் யாவும் பிரித்தானியாவுக்கே முழுமையாக உரியன என்று முத்திரையிட்டது. ‘பாதுகாப்பு’ என்று தொடங்கியது ‘உடைமை’ என்று முடிந்தது. பாதுகாப்பு என்ற சொல்லை வல்லரசின் வாயிலிருந்து கேட்கும்போதெல்லாம் நாம் அமியெனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்விதி நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1667இல் பிறேடா உடன்படிக்கையின்போது சாதிக்காய் விளைந்த ரன் என்னும் சிறுதீவு ஒல்லாந்தரிடம் நின்றது. இன்று நியூயோர்க் எனப்படும் குடியேற்றம் ஆங்கிலேயரிடம் நின்றது. இது எத்துணைச் சாமர்த்தியமான கொடுக்கல் வாங்கல் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வியக்கின்றனர். ரன் தீவிலும் மன்ஹாற்றனிலும் வாழ்ந்த பழங்குடிகள் வியந்தார்களா என்று கேட்பார் இல்லை.

சரி, இவையெல்லாம் பறங்கியர் காலத்துக் கதைகள். இன்று நாடு சுதந்திரம் பெற்றுவிட்டது. ஆசிய நாடுகள் தம்முள் சகோதரராய் உறவாடுகின்றன என்று கூறுவாருளர். அந்தச் சகோதர உறவையும் உரைத்துப் பார்ப்போம்.

1974 யூனில் இந்தியாவும் இலங்கையும் கடலெல்லை ஒப்பந்தம் செய்தன. நெடுந்தீவுக்கு அப்பால் கிடக்கும் 285 ஏக்கர்க் கச்சதீவு இலங்கையின் பக்கம் வந்தது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல வந்து போகலாம் என்று அவ்வொப்பந்தம் கூறியது. 1976இல் மாற்றிக்கொண்ட கடிதங்களோ, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என்றன. இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் நல்ல நண்பர்கள். அந்த நட்பை நாம் குறைகூறவில்லை. அந்தக் கடலை நம்பி இரு கரைகளிலும் வாழ்ந்தவர்கள் ஒரே மொழி பேசியவர்கள், ஒரே அந்தோனியார் திருவிழாவில் கூடியவர்கள், ஒருவர்க்கொருவர் பெண் கொடுத்தவர்கள். கோடு கிழித்த மேசையில் அவர்களுக்கு மட்டும் இடமில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

அதன் பயனை இன்று காண்கின்றோம். 2009இல் போர் முடிந்து நம் மீனவர் மீண்டும் கடலில் இறங்கியபோது, தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வந்து அடித்தளத்தையே வாரிச் சென்றன. வலையை இழந்தவன் ஊர்காவற்றுறையான், நெடுந்தீவான். பிடிபட்டுச் சிறையிருப்பவன் இராமேசுவரத்துக் கூலித் தொழிலாளி. படகின் முதலாளி கரையில் இருக்கின்றான். 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதன் பின்னரும் படகுகள் வந்தன. தேர்தல் வரும்போதெல்லாம் டெல்லியிலும் சென்னையிலும் கச்சதீவு ஒரு முழக்கமாக எழுகின்றது, 2024இலும் எழுந்தது. முழக்கமிடுவோர்க்குத் தீவு வேண்டும். அறுந்த வலையைத் தைப்பவனைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. இதனால் ஏழை மீனவன் ஏழை மீனவனுக்குப் பகைவனாக்கப்பட்டான் என்பதே இந்த நட்பின் மிகக் கொடிய விளைவாகும்.

நட்பின் கதை இதுவானால், பகையின் கதை மின்சாரத்தின் கதை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் இயந்திரத்தை நம்பி வாழ்ந்தவை. எண்ணெய் படகில் வரவேண்டும். விலை ஏறினாலோ கடல் கொந்தளித்தாலோ நெஞ்சு பதைக்கும். கடற்காற்றும் கொளுத்தும் வெயிலும் குறைவில்லாத இத்தீவுகளுக்குச் சூரிய ஒளியும் காற்றும் இணைந்த மின்திட்டம் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்துவேறுபாடு இல்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் அதற்குக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டு, 2021 சனவரியில் சைனோசோர்–எடெக்வின் என்ற சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வேலை வழங்க இலங்கை அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தன் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் சீன நிறுவனமா என்று இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு இறுதியில், ‘மூன்றாந் தரப்பின் பாதுகாப்புக் கவலை’ காரணமாகத் திட்டம் நிறுத்தப்பட்டதென்றும், அதே நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சூரிய மின்நிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்துவிட்டதென்றும் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் முதலாந் திகதி, 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூரைச் சேர்ந்த யூ-சோலார் நிறுவனத்தோடு வேலை ஒப்பந்தம்.

2021 சனவரி எங்கே, 2024 மார்ச் எங்கே? இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவற்றுள் 2022ஆம் ஆண்டும் ஒன்று. நாடு முழுவதும் எண்ணெயின்றி வரிசையில் நின்ற ஆண்டு அது. டீசலில் ஓடும் படகும் டீசலில் எரியும் விளக்கும் உள்ள தீவில் அவ்வாண்டு எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். டெல்லியின் கவலையைக் கொழும்பு கேட்டது. பீஜிங்கின் வருத்தத்தையும் கொழும்பு கேட்டது. குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்து நிற்பவனின் கவலையைக் கேட்டவர் யார்? அவனுடைய தரப்பு எத்தனையாந் தரப்பு? மூன்றாந் தரப்புக்குக் கூடக் கவலைப்பட உரிமையிருந்தது. நான்காந் தரப்பாகவேனும் தீவார் எண்ணப்படவில்லை.

நாம் சீனத்தின் சார்பிலோ இந்தியாவின் சார்பிலோ வாதிடவில்லை என்பதை மீண்டும் வற்புறுத்துகின்றோம். நன்கொடை கடனைவிட நல்லது. அதை நாமும் அறிவோம். ஆனால் நன்கொடையும் கேள்விப்பத்திரமும், பகையும் நட்பும், பெறுபவனைப் பேசவிடாதபோது ஒன்றாகிவிடுகின்றன. 1987 யூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் தமிழரின் உரிமையைப் பற்றியே எழுதப்பட்டது. ஆயினும் அதிற் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகளே. அதனோடு மாற்றிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் இடம்பெற்றன. நமது உரிமையும் அவர்களது எண்ணெய்க் குதமும் ஒரே உறையில் வைத்து ஒட்டப்பட்டன. அவ்வொப்பந்தத்தின் வழிப் பிறந்த மாகாண சபையோ, 2018 ஒக்ரோபரில் பதவிக்காலம் முடிந்தபின், தேர்தலின்றி ஆண்டுக்கணக்கிற் கிடந்தது.

“சில ஆயிரம் பேர் வாழும் தீவுகளைக் கேட்டுத்தான் ஒரு நாடு வெளியுறவு நடத்தவேண்டுமா? இது நடக்கக்கூடிய காரியமா?” என்று நடைமுறை ஞானிகள் நகைப்பர். நடக்கும். நடந்தும் இருக்கின்றது. அதையும் ஐரோப்பாவிலிருந்தே காட்டுவோம்.

சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள கடலில் ஓலண்ட் என்னும் தீவுக்கூட்டம் இருக்கின்றது. மக்கள் ஏறத்தாழ 30,000 பேர், பேசும் மொழி சுவீடிஷ், உரிமை பின்லாந்துக்கு. பின்லாந்து 1917இல் விடுதலை பெற்றபோது, தங்களைச் சுவீடனோடு சேர்க்குமாறு தீவார் மனுச் செய்தனர். இரு நாடுகளுக்கும் இடையே பூசல் மூண்டது. 1921இல் சர்வதேச சங்கம் தீர்ப்பளித்தது. தீவுகள் பின்லாந்துக்கே, ஆனால் தீவாரின் மொழிக்கும் நிலத்துக்கும் தன்னாட்சிக்கும் உத்தரவாதம் வேண்டும், அங்கே படையோ அரணோ கூடாது. தீவார் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அவர்கள் ஒரு தரப்பாயினர். 1922இல் அவர்களுடைய பாராளுமன்றம் கூடியது. 1994இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர முற்பட்டபோது ஓலண்டில் தனியாக வாக்கெடுப்பு நடந்தது; அவர்களுக்கெனத் தனி ஏற்பாடும் செய்யப்பட்டது. இரு நாடுகளுக்கும் இடையே ஓடும் கப்பல்கள் தீவில் தரித்துச் செல்லுமாயின் தீர்வையின்றிப் பண்டம் விற்கலாம் என்ற சலுகையும் அதில் அடங்கும். அதன் பயனாக அந்தக் கப்பல்கள் தீவை ஒதுக்கிச் செல்வதில்லை. தமது அதிகாரத்துக்குட்பட்ட விடயத்தில் பின்லாந்து செய்யும் சர்வதேச ஒப்பந்தம், தமது பாராளுமன்றம் சம்மதித்தால் மட்டுமே தமது தீவில் செல்லும் என்ற சட்டமும் அவர்களுக்கு உண்டு.

இதனாற் பின்லாந்து அழிந்துபோயிற்றா? சுவீடனோடு அதன் உறவு முறிந்ததா? இல்லை. பூசலுக்குக் காரணமாயிருந்த தீவுகளே இன்று இரு நாடுகளின் நல்லுறவுக்குச் சான்றாக நிற்கின்றன. அங்கே தீவாரின் குரல் சட்டமாயிற்று. அதனாலேயே நட்பும் நிலைத்தது.

அந்த அளவுக்கு இன்றே எல்லாம் கிட்டிவிடும் என்று நாம் கனவு காணவில்லை. ஆனால் இன்றே கேட்கக்கூடியவை சில உண்டு. தீவகத்தைப் பற்றி எந்த நாட்டோடு எந்த ஒப்பந்தம் செய்தாலும் அதன் முழு வாசகமும் தமிழில் அச்சாகி மக்கள் கைக்கு வரவேண்டும். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, காரைநகர்ப் பிரதேச சபைகளில் அது விவாதிக்கப்பட்டு, அவற்றின் சம்மதம் பெறவேண்டும். கடலைப் பற்றிய பேச்சுவார்த்தையில் இரு கரைகளினதும் மீனவர் சங்கங்கள் பார்வையாளராயல்ல, தரப்பினராக அமரவேண்டும். மின்சாரமும் குடிநீரும் படகும் எந்த வல்லரசின் மனக்கசப்புக்காகவும் ஒரு நாளேனும் நிறுத்தப்படலாகாது. இவை பிச்சையுமல்ல, பிரிவினையுமல்ல. குடியாட்சி என்ற சொல்லின் பொருளே இவைதான்.

ஆசிரியரும் மாணவருமாகிய நமக்கு இதில் ஒரு தனிக்கடமை உண்டு. வகுப்பறையில் நாம் 1505, 1658, 1796 என்று ஆண்டுகளை மனனஞ் செய்விக்கின்றோம். யாரிடமிருந்து யார் பிடித்தார் என்று கேட்டு மதிப்பெண் போடுகின்றோம். யாரைக் கேட்டுப் பிடித்தார் என்ற வினா எந்தப் பரீட்சைத் தாளிலும் வருவதில்லை. அந்த வினாவை நாம் கேட்கப் பழக்கவேண்டும். ‘டெல்ஃப்ட்’ என்று எழுதும் மாணவனிடம், அது எந்த ஊர், அந்தப் பெயர் இங்கே எப்படி வந்தது, அதற்கு முன் இந்த மண்ணுக்குப் பெயர் இல்லையா என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்டுப் பழகிய தலைமுறை, இந்தியாவா சீனாவா என்ற சூதாட்டத்திற் பக்கம் பிடிக்காது. “மேசையில் எங்கள் நாற்காலி எங்கே?” என்றுதான் கேட்கும்.

ஹேக்கிலும் கியூவிலும் அமியெனிலும் நம்மைக் கேளாமல் எழுதியவர்கள் அன்று நாம் பேசமாட்டோம் என்று அறிந்தே எழுதினார்கள். கொழும்பிலும் டெல்லியிலும் பீஜிங்கிலும் இன்று எழுதுவோரும் அதையே நம்புகின்றனர். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குவதே நம்முன் உள்ள பணி.